படம் வந்துவிட்டது, எடுத்தவர் எங்கே?

செய்திக்கு வரும் படங்களும் வீடியோக்களும் எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்று சரிபார்ப்பது என் வேலை. கைக்கு வருபவற்றில் பல உண்மையான படங்கள்தான், ஆனால் யார் எடுத்தது, எந்த நாள், எந்த ஊர் என்ற விவரமெல்லாம் வரும் வழியிலேயே உதிர்ந்து போயிருக்கும்.

பத்திரிகையில் பார்த்த காலத்தில் படத்துக்குக் கீழேயே எடுத்தவர் பெயர் இருந்தது. 2006-ல் ஃபேஸ்புக்கில் நியூஸ் ஃபீட் வந்தது, 2009-ல் ட்விட்டரில் ரீட்வீட் பட்டன் வந்தது, அப்புறம் நாம் படத்தைத் தேடிப் போவது குறைந்து படம் நம்மைத் தேடி வர ஆரம்பித்தது. வாட்ஸ்அப்பிலோ நமக்கு அனுப்பியவரை மட்டும்தான் தெரியும். அவர் நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார், அதனால் படத்தையும் நம்பிவிடுகிறோம். அவருக்கே அது பத்தாவது கையாக வந்திருக்கும் என்பது நினைவுக்கு வருவதில்லை.

போனில் ஒரு படம் எடுத்தால் தேதி, நேரம், போன் மாடல், லொக்கேஷன் ஆனில் இருந்தால் இடம் என்று எல்லாம் அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகும், இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு போய்விடும், படமும் சுருங்கும். நாலைந்து கை மாறிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கடைப் பலகையில் இருக்கும் எழுத்துகளின் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். எனக்கு அந்தப் பலகைதான் இடத்தைச் சொல்ல வேண்டும், அதையே படிக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் என்றால் இன்னும் மோசம், மேலே யாரோ ஒருவருடைய பேட்டரி அளவு தெரியும், படத்தை முதலில் போட்டவரின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு சுறா போதும். கயாக் படகின் பின்னால் ஒரு வெள்ளைச் சுறா வருவதை தாமஸ் பெஷாக் எடுத்த படம் 2005-ல் ஆஃப்ரிக்கா ஜியாக்ரஃபிக் இதழில் வந்தது. யாரோ அந்தச் சுறாவை மட்டும் வெட்டி, வெள்ளம் சூழ்ந்த சாலையில் ஒட்டி, 2011-ல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோ என்று சுற்றவிட்டார்கள், 2017-ல் ஹார்வி புயலில் அதே படம் ஹூஸ்டன் ஆனது. கடைசியில் 2022-ல் இயன் புயலின்போது அமெரிக்காவின் ஃபோர்ட் மையர்ஸில் ஒரு வீட்டுப் பின்புறம் தேங்கிய நீரில் சுறா போன்ற மீன் நீந்தும் வீடியோ வந்தபோது, ஏமாந்து ஏமாந்து சலித்த பலர் இதுவும் பொய் என்றே நினைத்தார்கள். அந்த வீடியோ அங்கேயே எடுக்கப்பட்டது என்று உறுதியானது. உண்மையானதையும் நம்ப முடியாமல் போவது, என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த இரண்டாவது இழப்புதான்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம், 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்தக் குறியைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். படத்தை வைத்தே அதன் பழைய பதிவுகளைத் தேடித் தரும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ (TinEye) படத்தைப் போட்டால் பழைய படம் பல நேரம் அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். டவுன்லோட் செய்து அனுப்புவதை விட, முதலில் போட்டவரின் லிங்க்கை அனுப்புங்கள். நீங்களே எடுத்தது, செய்திக்குத் தேவைப்படுகிறது என்றால் டாகுமென்ட்டாக அனுப்புங்கள், எக்ஸிஃப் பெரும்பாலும் அப்படியே வரும். ஆனால் அதில் உங்கள் வீட்டு இடமும் இருக்கலாம், எல்லோருக்கும் அப்படி அனுப்ப வேண்டாம்.

சமீபத்தில் ஒரு வெள்ள வீடியோ வந்தது, தேடியதில் எங்கும் சிக்கவில்லை. அனுப்பியவரிடம் கேட்டேன், அவர் தனக்கு அனுப்பியவரைக் கேட்டார், அப்படியே பின்னோக்கிப் போய் ஐந்தாவது ஆளிடம் நின்றது. "நான்தான் எடுத்தேன், மொட்டை மாடியிலிருந்து" என்றார் அந்தப் பெண். டாகுமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். அன்று காலை எடுத்தது. அந்தக் குறிப்பை மாற்றவும் முடியும் என்பதால் எதிரே தெரிந்த கட்டடத்தையும் வரைபடத்தில் ஒப்பிட்டேன், பொருந்தியது. அவர் பெயரோடு வெளியிட்டோம்.