பிறந்தநாள் படத்துக்குள் இருக்கும் முகவரி

மகளின் பிறந்தநாளுக்குப் பதாகை அடிப்பதற்காக மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். "படமா அனுப்பாதீங்க, தெளிவு குறைஞ்சிரும். டொக்கியுமென்டா அனுப்புங்க" என்றார் கணினியின் முன்னிருந்த தம்பி. அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். படத்தின் அளவைப் பார்ப்பதற்காக அவர் கோப்பின் விபரங்களைத் திறந்தபோது, கீழே அகலக்கோடும் நெடுங்கோடும் எண்களாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து அந்த எண்களை வரைபடத்தில் இட்டேன். புள்ளி எங்கள் கிணற்றடியில் விழுந்தது. படம் எடுத்தது முன்விறாந்தையில். சில மீற்றர் பிழைதான், ஆனால் வளவு சரியாக இருந்தது.

கைத்தொலைபேசி எடுக்கும் படம் பெரும்பாலும் ஜேபெக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கோப்பில் நிறங்களைப் பற்றிய தரவு தொடங்குவதற்கு முன்னால் குறிப்புகளுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே எதனை எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதை 1995ஆம் ஆண்டு ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்னும் நியமம் தீர்மானிக்கிறது. கருவியின் பெயர், படம் எடுத்த திகதி, நேரம், ஒளி பட்ட கால அளவு ஆகியவற்றோடு, கமெராவுக்கு இருப்பிடத்தை அறியும் அனுமதி கொடுத்திருந்தால், இடமும் பாகை, கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு), விகலை (கலையின் அறுபதில் ஒரு பங்கு) என மூன்று பின்னங்களாக அங்கே பதிவாகிறது. மட்டக்களப்பு நகரில் எடுத்த எந்தப் படத்திலும் அகலக்கோட்டின் முதல் எண் 7 பாகையாகவும் அடுத்த எண் 43 கலைக்குக் கிட்டியதாகவும் இருக்கும். வீட்டைக் காட்டிக்கொடுப்பது மூன்றாவது எண்ணாகிய விகலைதான். அகலக்கோட்டில் ஒரு விகலை என்பது நிலத்தில் ஏறத்தாழ 31 மீற்றர். விகலையின் நூறில் ஒரு பங்கையும் கோப்பில் எழுதலாம் என்பதால் அந்த எண் சாண் கணக்கில் துல்லியமானது போலத் தோற்றமளிக்கும். உண்மையில் தொலைபேசிக்கு அவ்வளவு தெரியாது. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளுள் குறைந்தது நான்கிலிருந்து வரும் நேரக்குறிப்புகளை ஒப்பிட்டே அது தன் இடத்தைக் கணிக்கிறது. வெட்டவெளியில் இதில் சில மீற்றர் பிழை இருக்கும், கூரைக்குக் கீழே அது கூடும். வீட்டுக்குள் அயலில் உள்ள வைபை கருவிகளின் அடையாளங்களையும் அது துணைக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரு வளவைச் சுட்டுவதற்கு இவ்வளவு போதும்.

வட்ஸ்அப்பில் வழமைபோலப் படமாக அனுப்பினால், கோப்பு சுருக்கப்படும்போது இந்தக் குறிப்புகளும் கழன்றுவிடுகின்றன. பேஸ்புக்கில் ஏற்றிய படத்தைப் பிறர் தரவிறக்கினாலும் இருப்பிடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. எனினும் நீக்குவதற்கு முன்னர் அந்தக் கோப்பு நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. டொக்கியுமென்டாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ போகும் கோப்பு மட்டும் எதையும் இழக்காமல் போகும். தெளிவு குறையக்கூடாது என்று நாம் தெரிவு செய்யும் வழியே முகவரியையும் குறையாமல் கொண்டுபோகிறது. கமெரா அமைப்பில் இருப்பிடத்தைப் பதியும் தெரிவை அணைத்துவிட்டால் இனி எடுக்கும் படங்களில் அது இராது. எடுத்து முடித்த படமாயின், திரையில் திறந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதனை அனுப்பலாம். பதாகைக்கு அந்தத் தெளிவு போதாது என்று கடைக்காரர் சொன்னால், படத்தின் விபரப் பகுதிக்குள் சென்று இருப்பிடத்தை மட்டும் நீக்கும் வசதி பல தொலைபேசிகளில் உண்டு.

ஆனால் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துவது கோப்புக்குள் மறைந்திருக்கும் எண்ணைவிட, படத்துக்கு மேலே நாமே எழுதும் வாழ்த்துத்தான். பெயர், பாடசாலை, பிறந்த திகதி ஆகிய மூன்றில் எதுவுமே தனியாக எடுத்தால் இரகசியமன்று. அவை ஒன்றுசேரும்போது நடப்பது சல்லடை வேலை. 1990களில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், அரச ஊழியர்களின் மருத்துவத் தரவு பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, அம்மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டொலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். மாநில ஆளுநரின் பிறந்த திகதியைக் கொண்டவர்கள் அந்நகரில் ஆறு பேர்; அவர்களில் மூவர் ஆண்கள்; அவரது அஞ்சற் குறியீட்டுப் பகுதியில் வசித்தவர் ஒருவர் மட்டுமே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு பெயரோடு கைக்கு வந்துவிட்டது. அஞ்சற் குறியீடு, பால், பிறந்த திகதி ஆகிய மூன்றுமே அமெரிக்க மக்களில் 87 வீதமானோரைத் தனித்து அடையாளங்காட்டப் போதுமாக இருக்கலாம் என 2000ஆம் ஆண்டில் அவர் கணித்தார்.

இதனை நம் பாடசாலை ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்களும் பெண்களும் சம அளவில் 1,500 மாணவர் படிக்கும் பாடசாலையில் 13 வகுப்புகள் இருந்தால், அவர்களது பிறந்த நாட்கள் ஏறத்தாழ 4,750 திகதிகளில் பரந்து கிடக்கும். ஒரு பிள்ளையின் பிறந்த திகதியும் பாலும் வேறெவருக்கும் பொருந்தாதிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 85 வீதம். அதாவது ஏழு பிள்ளைகளில் ஆறு பேரை, பெயரே இல்லாமல், அந்தப் பாடசாலைக்குள் கண்டுபிடித்துவிடலாம். சீருடையில் உள்ள சின்னம் பாடசாலையைச் சொல்லிவிடுகிறது, கேக்கின் மேல் நிற்கும் மெழுகுதிரி வயதைச் சொல்லிவிடுகிறது, பதிவிட்ட நாள் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறது.

இலங்கையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்று எண்ணுவார்கள். பெண்ணாயின் 500ஐக் கூட்டுவார்கள். என் மகளின் திகதியை இங்கே எழுதுவது இந்தக் கட்டுரைக்கே அடுக்காது என்பதால், 2019 ஆகஸ்ட் 14இல் பிறந்த ஒரு சிறுமியை எண்ணிக்கொள்வோம். அது 227ஆவது நாள்; 500ஐக் கூட்டினால் 727. இன்றைய முறை மாறாதிருந்தால், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் அவளுக்குக் கிடைக்கப்போகும் எண் 2019727 என்றுதான் தொடங்கும். பன்னிரண்டில் ஏழு இலக்கங்களை அவளுடைய பிறந்தநாள் வாழ்த்திலிருந்தே எவரும் கணித்துவிடலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேற்றைச் சுட்டெண்ணோடு படமெடுத்துப் பகிரும் நம் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

பேஸ்புக் கேட்கும் 13 வயது எல்லை, பிள்ளையின் மனவளர்ச்சியை அளந்து வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1998இல் அமெரிக்கா இயற்றிய, 13 வயதுக்குக் குறைந்தோரின் தரவைப் பெற்றோர் இணக்கமின்றித் திரட்டக்கூடாது என்னும் சட்டத்தின் விளைவு. ஒன்பது வயதுப் பிள்ளை 13 என்று பொய் சொல்லிக் கணக்குத் திறந்தால், அதன் உண்மையான 14ஆவது வயதில் அந்தக் கணக்கு 18 வயது வளர்ந்தவரின் கணக்காகிவிடும். சிறுவர்களுக்கென உள்ள கட்டுப்பாடுகள் யாவும் அன்றோடு கழன்றுவிடும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 16 வயதுக்குக் குறைந்தோரைச் சிறுவர் எனக் கொண்டு, அவர்களது தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. குடும்பத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே மாமியின் தொலைபேசியில் உள்ள படம் அதற்கு வெளியே நிற்கிறது. பிள்ளைகளின் படத்தை விளம்பரத்துக்குப் போடும் தனியார் வகுப்பு அப்படி நின்றுவிட முடியாது.

பதாகையை எடுக்கப் போன அன்று, அந்தக் கோப்பை அழித்துவிடச் சொல்லிக் கேட்டேன். தம்பி முகஞ்சுளிக்காமல் தரவிறக்கக் கோப்புறையைத் திறந்தார். திரையை உருட்ட உருட்டப் பிள்ளைகளின் முகங்கள் வந்துகொண்டேயிருந்தன: பூப்புனித நீராட்டு, முதலாம் வகுப்பு, புலமைப்பரிசில். "இதெல்லாம் மூணு வருசத்துப் படம் அண்ணே, யாரும் வந்து அழிக்கச் சொன்னதில்ல" என்றபடியே என் மகளின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.