பாக்கெட்டில் பத்து லட்சம், பையில் எவ்வளவு?

கோத்தகிரியில் பசுமைக்குடில் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் போன மாதம் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே பூத் ஜோலோகியா என்ற கடுங்கார மிளகாய். பச்சையாகச் சில, காய்ந்தவை சில. விதையை இணையத்தில் வாங்கியிருக்கிறார். "சார், இது பத்து லட்சம் வருமா?" என்றார். விதைப் பாக்கெட்டில் காரத்தின் அளவைச் சொல்லும் ஸ்கோவில் எண் அப்படித்தான் அச்சாகியிருந்ததாம். அந்த எண்ணைச் சொல்லியே ஊட்டியில் ஒரு விடுதியிடம் விலையும் பேசிவிட்டார்.

மிளகாயிலிருந்து ஓலியோரெசின் என்ற கெட்டிச் சாற்றைத் தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். காரத்தை அளந்து சான்றிதழில் எண் போடுவதுதான் அங்கே என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, அந்த எண்ணின் மேல் ஊருக்கு இருக்கும் பக்தி எனக்கு வரவில்லை.

வில்பர் ஸ்கோவில் அமெரிக்க மருந்தியலர். 1912இல் அவர் வகுத்த முறைக்குக் கருவியே கிடையாது, நாக்குதான். மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காரம் தெரியாமல் போகும்வரை நீர்க்கச் செய்துகொண்டே போவது. எத்தனை மடங்கு நீர்த்ததோ அதுவே எண். ருசி பார்க்க ஐந்து பேர். மூவர் ஒத்துக்கொண்டால் போதும். இரண்டு மாதிரி தாண்டினாலே நாக்கு மரத்துவிடும், மூன்றாவதற்கு அது சொல்லும் தீர்ப்பை எப்படி நம்புவது?

இப்போது கருவி வந்துவிட்டது. காய்ந்த மிளகாயை அரைத்து, 25 கிராம் தூளை 200 மில்லி ஆல்கஹாலில் ஐந்து மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுவோம். வடிகட்டிய சாறு திரவ நிறப்பகுப்புக் கருவிக்குள் போகும். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எவ்வளவு, அதன் உடன்பிறப்பான டைஹைட்ரோகேப்சைசின் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். ஒரு கிலோ தூளில் ஒரு மில்லிகிராம் இருந்தால் ஏறத்தாழ 16 ஸ்கோவில் அலகு. கலப்பில்லாத கேப்சைசினுக்கு 1 கோடியே 60 லட்சம். அப்படியானால் பத்து லட்சம் என்பது 100 கிராம் தூளில் ஆறு கிராமுக்கும் மேல்.

தூளில் என்பதைக் கவனியுங்கள். பச்சை மிளகாயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காய்ந்தால் பத்து லட்சம் காட்டும் பழம், பறித்த ஈரத்தோடு கடிக்கும்போது அதே கணக்கில் ஒரு லட்சத்தை ஒட்டித்தான் வரும். அதுவே வாயைப் புண்ணாக்கப் போதும் என்பது வேறு விஷயம். ஆனால் பச்சைக் காயைத் தட்டில் வைத்துவிட்டுக் காய்ந்த தூளின் எண்ணை எழுதி வைப்பது, காப்பித்தூளின் கடுமையைச் சொல்லிக் காப்பி விற்பது மாதிரி.

அந்த எண்கூட ரகத்துக்கு உரியதல்ல, அளந்த பழத்துக்கு உரியது. பூத் ஜோலோகியா 2007இல் கின்னஸில் ஏறியது 10,01,304 அலகோடு. பாக்கெட்டின் பத்து லட்சம் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். 2012இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் டிரினிடாட் மொருகா ஸ்கார்ப்பியன் என்ற இன்னொரு மிளகாய் ரகத்தை ஒரே வயலில் வளர்த்து அளந்தார்கள். சராசரி 12 லட்சத்துக்கு மேல். சில செடிகளோ தனியாக 20 லட்சத்தைத் தாண்டின. தண்ணீருக்கு வாடிய செடி காரம் கூட்டும். வெயிலும் காயின் வயதும் தம் பங்குக்கு மாற்றும். கோத்தகிரி மூடுபனியில், சொட்டுநீர்ப் பாசனத்தில் சுகமாக வளர்ந்த காய் எங்கேயோ வேறொரு செடி வாங்கிய மதிப்பெண்ணைத் தானும் வாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பூஜ்யம் மட்டும்தான் நம்பத்தக்க எண். அது குடைமிளகாய்க்கு, கேப்சைசின் செய்யும் திறனே அதற்கு இல்லை. (கொடைக்கானலில் விளைவதால் 'கொடை'மிளகாய் என்று சாதிப்பவர்கள் உண்டு. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர், ஐயா.)

கையுறை போட்டுக்கொண்டு ஒரு பழத்தை நீளவாக்கில் பிளந்து காட்டினேன். விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை முழுக்க மஞ்சளாக எண்ணெய்க் கொப்புளங்கள் மினுங்கின. காரம் சுரக்கும் இடம் அதுதான். விதையில் இருப்பதெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டு மிளகாயில் கொப்புளங்கள் அந்தச் சதையோடு நின்றுவிடும். இந்த ரகத்தில் தோலின் உட்சுவரிலும் இருந்தன. விதையைத் தட்டிவிட்டால் காரம் போய்விடும் என்ற சமையலறைக் கணக்கு இங்கே செல்லாது.

"அம்மா போன வாரம் இதை வெறும் கையால் நறுக்கிவிட்டுக் கண்ணைத் தேய்த்துவிட்டார்கள், சார்," என்றார் அவர். நல்லெண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது கைக்கு உகந்த வைத்தியம்: கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும், எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் கை அடங்கும். கண்ணுக்கு எண்ணெயும் வேண்டாம், பாலும் வேண்டாம். சுத்தமான தண்ணீரை கால் மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். அப்புறமும் எரிச்சலோ பார்வை மங்கலோ இருந்தால் கண் மருத்துவர். வாய்க்குப் பாலும் தயிரும் நல்லது. பாலில் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். வெறும் தண்ணீர் எரிச்சலைத் தொண்டைவரை பரப்பும், அவ்வளவுதான்.

விடுதி எதற்கு வாங்குகிறது என்று கேட்டேன். போட்டி வைக்கிறார்களாம், ஐந்து நிமிடத்தில் மூன்று பழம் தின்பவருக்கு இலவசச் சாப்பாடு. காரம் ஒரு சுவை அல்ல. ஏறத்தாழ 43 டிகிரிச் சூட்டுக்கு விழித்துக்கொள்ளும் நரம்பு வாங்கியைக் கேப்சைசின் திறந்துவிடுகிறது. வாய் வெந்துவிட்டதாக மூளை நம்பிவிடுகிறது. இந்த வாங்கியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அளவு மீறினால் வேடிக்கை வாயோடு நிற்காது. போட்டியில் கரோலினா ரீப்பர் என்ற கடுங்கார மிளகாய் ஒன்றைத் தின்ற 34 வயதுக்காரருக்கு மூளையின் ரத்தக்குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்கி, இடி விழுந்தாற்போலத் தலைவலி வந்ததை 2018இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். இதயக் கோளாறு, ஆஸ்துமா, குடற்புண் உள்ளவர்களும் சிறுவர்களும் அந்த மேசைப் பக்கமே போக வேண்டாம். தின்றவருக்கு மூச்சு இறுக்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மோர் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

"அப்படியானால் சீட்டில் என்ன எழுதுவது, சார்?"

"எண் வேண்டுமென்றால் உங்கள் காயையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பச்சையில் ஒரு கிலோ பறித்தால் காய்ந்து நூறு கிராம் தேறும். வரும் எண்ணோடு பறித்த மாதத்தையும், அது காய்ந்த எடைக்கான எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தம்பி. அதுவரை 'மிகக் கடுமையான காரம், வெறும் கையால் தொடாதீர்கள்' போதும்."

காயவைப்பது எங்கே என்றும் கேட்டேன். சமையலறைப் பரணில். ஐப்பசி மழையில் வேறு எங்கே காயும்? பையிலிருந்து காய்ந்த பழம் ஒன்றை எடுத்துப் பிளந்தேன். வெளியே பளபளப்பு, உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை. இதை அளக்க எண் எதற்கு? அத்தனை காய்ந்த பழத்தையும் ஒதுக்கச் சொன்னேன். "அடுப்பில் போட்டுவிடுகிறேன்," என்று எழுந்தவரைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்த நெடிக்குத் தெருவே இருமிக்கொண்டு வெளியே வந்துவிடும். மண்வெட்டி எடுத்துக் கொல்லைப்புறத்தில் குழி தோண்டிப் புதைத்தோம்.