நடுக்கத்துக்கு முன்பே தடுமாறும் சிந்தனை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியர் என்னிடம் வந்தனர். "இவருக்கு மறதி அதிகமாகிவிட்டது, டாக்டர்" என்றார் மனைவி. கணவருக்கு வயது 68. பொறுமையாக விசாரித்தபோது, அவர் எதையும் மறக்கவில்லை என்பது தெரிந்தது. முன்பு அரை மணி நேரத்தில் முடித்த மாதக் கணக்குக்கு இப்போது ஒரு முற்பகல் முழுவதும் தேவைப்பட்டது. பேசிக்கொண்டே வண்டி ஓட்டியவர், யாராவது பேசினால் எரிச்சலடைந்தார். பயணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றார். நான் சொன்ன ஐந்து சொற்களில் இரண்டைத்தான் அவரால் திருப்பிச் சொல்ல முடிந்தது. ஆனால் "அது ஒரு பூவின் பெயர்" என்று நான் சிறு குறிப்புக் கொடுத்த மாத்திரத்தில், விட்டுப்போன சொற்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன.

இந்த வேறுபாட்டைக் குடும்பத்தினர் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் பெரிதும் விரும்புகிறேன். நினைவாற்றலைப் படிப்படியாகச் சிதைக்கும் ஆல்சைமர் நோயின் தொடக்கத்தில் புதிய செய்தி மூளையில் சரியாகப் பதிவதே இல்லை என்பதால், குறிப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் பயனிருப்பதில்லை. கை நடுக்கமும் அசைவில் மந்தமும் தரும் மூளை நோயான பார்க்கின்சனை ஒட்டிய மாற்றத்திலோ, செய்தி உள்ளே பதிந்திருக்கிறது. அதைத் தேடி எடுப்பதிலும், வேலைகளை வரிசைப்படுத்துவதிலும், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதிலும்தான் தாமதம் ஏற்படுகிறது. மூளையின் ஆழப்பகுதிகளை அதன் முன்பகுதியோடு இணைக்கும் நரம்புச் சுற்றுகளுக்கு, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் தேவை. அது குறையும்போது சிந்தனையின் வேகமும் குறைகிறது. இந்தப் பிரிவு எல்லோரிடமும் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. இரண்டும் கலந்து காணப்படுவோரும் உண்டு.

1817-ஆம் ஆண்டு பார்க்கின்சன் நோயை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். அந்தக் கருத்து நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் முறைதவறித் திரள்வது, பலரிடம் வாசனை அறியும் பகுதியிலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் தொடங்கி மேல்நோக்கிப் பரவுகிறது என்று ஜெர்மானிய மூளை ஆய்வாளர் ஹைக்கோ பிராக் 2003-இல் முன்வைத்த பிறகு, நடுக்கம் என்பது இந்நோயின் தொடக்கம் அல்ல என்ற புரிதல் வலுப்பெற்றது. கை நடுங்கத் தொடங்கும் காலத்துக்குள், டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும் பங்கு ஏற்கெனவே அழிந்திருக்கும்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 7,000-க்கும் மேற்பட்ட முதியோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தொடக்கத்தில் சிந்தனைத் தேர்வுகளில் பின்தங்கியிருந்தோருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் வகை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நோய்க்கு முந்தைய நிலையைக் கணிக்கும் பன்னாட்டு ஆய்வு வரையறையிலும் 2019-இல் சிந்தனைக் குறைபாடு ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டாம். அந்த ஆய்விலும், தேர்வில் பின்தங்கிய பெரும்பாலோருக்கு இந்நோய் வரவே இல்லை. சிந்தனை மந்தம் தனித்து நிற்கும்போது அது மிக மெலிந்த சான்றுதான்.

ஆகவே நான் வேறு சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறேன். வாசனை குறைந்திருக்கிறதா? மலச்சிக்கல் பல ஆண்டுகளாக உண்டா? காரணமில்லாத சோர்வும் பதற்றமும் புதிதாக வந்தனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, உறக்கத்தில் கத்துகிறாரா, கை கால்களை வீசுகிறாரா? கனவு காணும் உறக்கத்தில் நம் தசைகள் இயல்பாகத் தளர்ந்து அசைவற்றிருக்கும். அந்தக் கட்டு அவிழும்போது, கனவில் நடப்பதை உடல் நடித்துக் காட்டும். 24 மையங்களைச் சேர்ந்த 1,280 பேரைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு, உறக்கப் பரிசோதனையில் இக்கோளாறு உறுதியானவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு, 12 ஆண்டுகளுக்குள் பார்க்கின்சன் நோயோ அதற்கு நெருங்கிய நோயோ வரக்கூடும் என்று கணித்தது. இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் நோயாளியிடம் இருப்பதில்லை. அருகில் உறங்குபவரிடம்தான் இருக்கிறது. என்னிடம் வந்தவரின் மனைவி, இரண்டு ஆண்டுகளாகத் தனிக் கட்டிலில் படுப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இவ்வளவுக்குப் பிறகும் எளிதில் சரியாகக் கூடியவற்றை முதலில் விலக்க வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, காது கேளாமை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகிய ஒவ்வொன்றும் சிந்தனையை மந்தமாக்க வல்லது. தூக்க மாத்திரைகளும், பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும், அடிக்கடி சிறுநீர் கழிவதைக் குறைக்கத் தரப்படும் சில மருந்துகளும் அவ்வாறே செய்கின்றன. ஆகவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் பையோடு எடுத்து வரச் சொல்கிறேன். மருத்துவரைக் கேட்காமல் எதையும் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது.

நோயை முன்கூட்டியே தடுக்கும் மருந்து என நிறுவப்பட்டது இன்று எதுவும் இல்லை. எனவே வருங்காலத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதியவரிடமே கேட்கிறேன். அதை மகனோ மகளோ முடிவு செய்ய விடுவதில்லை. அவர் விரும்பினால் முழுமையாகப் பேசுகிறேன். ஒழுங்கான உடற்பயிற்சியை எல்லோருக்கும் வலியுறுத்துகிறேன். கனவில் எழுந்து விழுபவராயின், கட்டிலைத் தாழ்வாக்கி, கூரிய பொருள்களை அகற்றச் சொல்கிறேன். அதே சிந்தனைத் தேர்வை ஓராண்டு கழித்து மீண்டும் நடத்துகிறேன், ஏனெனில் ஒருமுறை பெற்ற மதிப்பெண்ணைவிட அது நகரும் திசையே அதிகம் சொல்லும்.

அந்தக் கணவரின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. மூன்றாம் ஆண்டு அறைக்குள் நடந்து வந்தபோது அவருடைய வலது கை வீசாமல் உடலோடு ஒட்டியிருந்ததைக் கண்டேன்; இது பார்க்கின்சன் நோயின் தொடக்க அடையாளங்களில் ஒன்று. அவரும் கவனித்திருந்தார், இருவருமே அதைப் பற்றிப் பேச ஆயத்தமாகத்தான் வந்திருந்தார்கள்.