ஆன்டி-டிரஸ்ட்: இது எந்த டிரஸ்ட்?

சந்தையில் ஏகபோகம் செய்வதாகக் கூகுள் மீது அமெரிக்க அரசு 2020-ல் தொடுத்தது ‘ஆன்டி-டிரஸ்ட்’ வழக்கு. இதைத் தமிழில் ‘நம்பிக்கை எதிர்ப்பு வழக்கு’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். ‘அறக்கட்டளை எதிர்ப்பு’ என்றாலும் தவறுதான்.

டிரஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் பழைய நோர்ஸ் மொழி. நம்பிக்கை என்பதே முதற்பொருள். ஒருவரை நம்பிச் சொத்தை ஒப்படைத்து, அதன் பலன் வேறொருவருக்குப் போகும்படி செய்யும் ஏற்பாட்டுக்கும் சட்டத்தில் அதே பெயர் வந்தது. நம் ஊர்க் கோயில் டிரஸ்ட், கல்வி டிரஸ்ட் எல்லாம் அந்த வகை.

அமெரிக்க எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1882-ல் இந்த ஏற்பாட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. பல மாநிலங்களில் இருந்த எண்ணெய்க் கம்பெனிகளின் பங்குகள் ஒன்பது அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பங்குதாரர்களுக்குக் கிடைத்தது சான்றிதழும் லாபப் பங்கும். அதிகாரம் முழுதும் அந்த ஒன்பது பேரிடம். வெளியே பல கம்பெனிகள், உள்ளே ஒரே முதலாளி. சர்க்கரை ஆலைகளும் சாராய ஆலைகளும் இதே வழியில் போயின. ‘டிரஸ்ட்’ என்றாலே மக்களுக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஷெர்மன் சட்டம். ஓஹியோ செனட்டர் ஜான் ஷெர்மன் கொண்டுவந்தார். அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் 1890 ஜூலை 2 அன்று கையெழுத்திட்டார். வணிகத்தை முடக்கும் எந்தக் கூட்டும், ‘டிரஸ்ட் வடிவிலோ வேறு வடிவிலோ’, செல்லாது என்றது முதல் பிரிவு. முற்றுரிமை, அதாவது ஏகபோகம், பிடிக்க முயல்வதே குற்றம் என்றது இரண்டாம் பிரிவு.

‘வேறு வடிவிலோ’ என்று சேர்த்தது எவ்வளவு நல்லது! ஓஹியோ உச்ச நீதிமன்றம் 1892-ல் தன் மாநில ஸ்டாண்டர்டு ஆயிலை டிரஸ்டிலிருந்து விலகச் சொன்னது. அப்புறம் அந்தக் குழுமம் நியூ ஜெர்சியில், மற்றக் கம்பெனிகளின் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் பங்குடைமைக் கம்பெனியாக (ஹோல்டிங் கம்பெனி) உருமாறியது. 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 34 கம்பெனிகளாகப் பிரிக்க வைத்தபோது, அது டிரஸ்டாகவே இல்லை. வடிவம் போய்விட்டது, பெயர் மட்டும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நம் பொருளியல் பாடநூல்களில் ‘முற்றுரிமை’ இருக்கிறது, பேச்சில் ‘ஏகபோகம்’. ஆனால் ஷெர்மன் சட்டம் தனி ஒருவரின் ஆதிக்கத்தோடு, பலர் கூடி விலை பேசிக்கொள்வதையும் தடுக்கிறது. ஆகவே அந்தக் கால டிரஸ்டை ‘முற்றுரிமைக் கூட்டு’ என்றும், சட்டத்தை ‘முற்றுரிமைக் கூட்டுத் தடைச் சட்டம்’ என்றும் எழுதலாம். கூகுள் போன்ற ஒற்றை நிறுவனம் பற்றிய செய்திக்கு ‘முற்றுரிமைத் தடை வழக்கு’ போதும்.