தட்டில் விழும் வட்டம்

சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே ‘எஸ்’, ‘ஆர்’ என்று ஒற்றை எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குப் பணியும்; ஆர் என்றால் பணியாது. அந்த ஓர் எழுத்துக்கு ஏன் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்? கிருமி வளர வேண்டுமே!

முதல் நாள் சிறுநீரைத் துளியளவு எடுத்து ஊட்டக்கூழில் இழுத்துவிடுவார்கள். மறுநாள் அதில் முளைத்திருப்பது பெரும்பாலும் ஈ. கோலை என்னும் குடல்கிருமி. அதை உப்புநீரில் கலக்கி, மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி கிருமிகள் என்ற அளவுக்குக் கலங்கலாக்கி, முல்லர்-ஹின்டன் அகார் என்னும் ஊட்டக்கூழ்த் தட்டில் பஞ்சுக்குச்சியால் பூசுவார்கள். அகாரின் கனம் 4 மில்லிமீட்டர். தோசை மாவைப் போலக் கைக்கு வந்தபடி ஊற்ற முடியாது. தடித்துப்போனால், பிறகு மருந்தைச் சுற்றி விழும் வட்டம் சுருங்கி, பணியும் கிருமியும் பணியாததாகத் தெரியும்.

மேலே மருந்தேற்றிய சிறு காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுகிறார்கள். மருந்து கசிந்து பரவும் இடத்தில் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். அதை அளப்பதுதான் வேலை.

வட்டம் பெரிதானால் மருந்து சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மருந்துகளின் வட்டங்களும் 20 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்னும் ஆய்வகத் தரநிலை அமைப்பின் அட்டவணைப்படி நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17 இருந்தாலே எஸ். சிப்ரோஃபிளாக்சசினுக்கோ 26 வேண்டும், 21 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஆர். ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு, உடலில் எட்டும் அளவும் வேறு.

எனக்குப் பிடித்த காட்சி வேறொன்று. சில கிருமிகள் இ.எஸ்.பி.எல். என்னும் நொதியைச் சுரந்து செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளை உடைத்துவிடும். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். இரண்டின் வில்லைகளையும் அருகருகே வைத்தால், செஃபோடாக்சிமின் வட்டம் அமிலம் இருக்கும் பக்கமாகப் பிதுங்கி, சாவித்துவாரம் போல நீளும். நொதி இருப்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இத்தகைய கிருமிகளிலும் பல நைட்ரோஃபுரான்டாயினுக்கு எஸ் காட்டும். ஆனாலும் கிருமி சிறுநீரகம் வரை ஏறி, குளிர்காய்ச்சலும் விலாவலியுமாக வருபவருக்கு மருத்துவர் அதை எழுதமாட்டார். அந்த மருந்து சிறுநீரில்தான் செறிந்து சேரும். இரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு நிற்காது.