வாரண்டியில் இருக்கும் கணினித் திரை திரும்பத் திரும்பப் பழுதானால் சட்டப்படி என்ன கேட்கலாம்?

புது மேசைக் கணினியின் திரையில் செங்குத்தாக ஒரு கோடு விழுகிறது. சர்வீஸ் சென்டரில் பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பலகையை, மாற்றித் தருகிறார்கள். சில வாரம் கழித்து வேறோர் இடத்தில் கோடு, இல்லையென்றால் திரை மினுங்க ஆரம்பிக்கிறது. திரும்பவும் தூக்கிக்கொண்டு ஓட்டம். இலவசமாகத்தானே பார்த்துக் கொடுக்கிறார்கள், இதற்கு மேல் என்ன கேட்பது என்று பலரும் வாரண்டி முடியும்வரை அலைந்து ஓய்ந்துவிடுகிறார்கள். இதற்கு மேலும் கேட்கலாம். இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதை முழுதாக நீக்கித் தரச் சொல்லவும், வேறு புதுப் பொருள் கேட்கவும், கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கவும் வாங்கியவருக்கு வழி வைத்திருக்கிறது.

முதலில் பரவலான ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிடலாம். 'மூன்று தடவை ரிப்பேர் ஆனால் புதுசு தந்தே ஆக வேண்டும்' என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இந்தியச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. ஒரு நிறுவனம் தன் வாரண்டி ஆவணத்தில் அப்படி எழுதியிருந்தால் தாராளமாகக் கேளுங்கள். எழுதவில்லை என்றால் எண்ணிக்கையை மட்டும் வைத்து வாதாட முடியாது. சட்டம் கேட்பது வேறு கேள்வி: பொருளில் குறைபாடு இருக்கிறதா, அது உண்மையிலேயே நீக்கப்பட்டதா?

சட்டத்தின் 2(10) பிரிவு குறைபாட்டுக்குத் தரும் விளக்கம் விரிவானது. தரம், அளவு, திறன், தூய்மை இவற்றில் சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டியதில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். ஒப்பந்தம் என்பதில் வெளிப்படையாக எழுதப்பட்டது மட்டுமில்லை, சொல்லாமலே புரிந்துகொள்ளப்படுவதும் அடங்கும். விற்பவர் சொன்ன பெருமைகளும் கணக்கில் வரும். ஆக, வாரண்டி அட்டையில் 'திரை மினுங்காது' என்று எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஒரு தடங்கலையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதுதான் வாரண்டி நிபந்தனை என்றால், அதை வைத்து முழு வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. கணினி நிறுவனங்களின் வாரண்டியும் பெரும்பாலும் இதே பாணியில்தான் எழுதப்பட்டிருக்கும். அதனால் 'ஒரு தடவை பழுதானது, புதுசு கொடு' என்று கேட்டால் நிற்காது. 'பாகத்தை மாற்றிய பிறகும் அதே கோளாறு வருகிறது, ஆகவே பழுது நீக்கப்படவே இல்லை' என்று ஆவணத்தோடு காட்டினால் கதை மாறும். எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது அந்த ஆவணம்தான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

கோளாறு எங்கே இருக்கிறது?

மேசைக் கணினியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மானிட்டர் ஒரு நிறுவனம், சிபியு இன்னொரு நிறுவனம், படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது நிறுவனம் என்று இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி. திரையில் கோடு வந்தால் மானிட்டர்காரர் கிராபிக்ஸ் கார்டைக் காட்டுவார், கிராபிக்ஸ் கார்டுக்காரர் மானிட்டரைக் காட்டுவார். புகார் கொடுக்கும் முன் வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்து பார்த்துவிடுங்கள்.

மானிட்டரின் விளிம்பில் உள்ள பட்டனை அழுத்தினால் வெளிச்சம், நிறம் மாற்றும் மெனு திரையில் வரும். அந்த மெனுவை வரைவது மானிட்டரே. கணினிக்கு அதில் வேலை இல்லை. கோடு அந்த மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால் கோளாறு மானிட்டருக்குள்தான். மெனு சுத்தமாகத் தெரிந்து பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டிருந்தால் கேபிள், கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பக்கம் தேடலாம். அடுத்து, கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போனில் திறந்து பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கணினி பக்கம் பழுது. படம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் பேனலோ கேபிளோதான். விண்டோஸ் திறப்பதற்கு முன் வரும் பயாஸ் திரையிலும் மினுங்கினால், 'சாஃப்ட்வேரை மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. கேபிளை மாற்றிப் பார்ப்பதும், மானிட்டரை வேறொரு கணினியில் மாட்டிப் பார்ப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அதையும் செய்து, வீடியோ எடுத்து வையுங்கள். சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் இடத்தில் தொடங்கி, வெட்டாமல் அப்படியே திரைக்கு வருவதுபோல் வீடியோ இருந்தால், அது வேறு மானிட்டர் என்று யாரும் சொல்ல முடியாது.

திரையும் கணினியும் ஒன்றாக இருக்கும் ஆல்-இன்-ஒன் என்றால் இந்தப் பந்தாட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நிறுவனம்தான் பொறுப்பு. ஆனால் அதை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் உங்கள் கோப்புகளும் சேர்ந்தே போகின்றன. முன்னதாகவே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் புள்ளியும் சட்டக் குறைபாடு ஆகிவிடாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. எல்சிடி திரையில் படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளான பிக்சல்களில் ஓரிரண்டு செத்திருந்தால் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஐஎஸ்ஓ 9241-307 என்ற சர்வதேச தரநிலையைக் காட்டுவார்கள். அதன் இரண்டாம் வகுப்பில் 10 லட்சம் பிக்சலுக்கு, எப்போதும் ஒளிரும் பிக்சல் 2, எப்போதும் இருண்டு கிடக்கும் பிக்சல் 2 வரை அனுமதி உண்டு. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் மொத்தம் 20,73,600 பிக்சல்கள் இருப்பதால், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ நான்கு வரை 'ஏற்கத்தக்கது' ஆகிவிடும். வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் பிக்சல் விதியைப் படித்துவிடுவது உத்தமம். கோடு, மினுங்கல், திடீரென்று இருண்டுபோவது, நிறம் மாறிப்போவது இவை எதற்கும் இந்தச் சலுகை பொருந்தாது.

ஜாப் ஷீட்டை விடாதீர்கள்

ஒவ்வொரு முறையும் பொருளைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட், அதாவது கோளாறையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் தாள், வாங்குங்கள். வாங்கினால் போதாது, அதில் என்ன எழுதுகிறார்கள் என்று படியுங்கள். 'டிஸ்பிளே பிராப்ளம்' என்று பொதுவாக எழுதினால் பின்னால் உதவாது. 'திரையின் வலப்பக்கம் செங்குத்துக் கோடு. போட்டு ஒரு மணி நேரம் கழித்து மினுங்குகிறது. மானிட்டர் மெனுவிலும் தெரிகிறது' என்று எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது எந்தப் பாகத்தை மாற்றினார்கள், புதுப் பாகத்தின் எண் என்ன என்றும் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கே ஆள் வந்து பார்த்தாலும் இதேதான். பேச்சோடு முடிந்த ரிப்பேர் நடக்காத ரிப்பேருக்குச் சமம்.

கொடுக்கும் நேரத்தில் திரையின் நான்கு மூலைகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். விரிசல், தண்ணீர் பட்டது, மின்சார ஏற்ற இறக்கம் என்று சொல்லி வாரண்டியை மறுப்பது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் கையை விட்டுப் போகும்போது விரிசல் இல்லை என்று நீங்கள் காட்ட முடிய வேண்டும்.

விட்டு விட்டு வரும் கோளாறுதான் மிகவும் படுத்தும். அங்கே போட்டுப் பார்க்கும்போது நன்றாக இருக்கும், 'கோளாறு இல்லை' என்று எழுதித் திருப்பித் தருவார்கள். அந்தத் தாளையும் கிழித்துப் போடாதீர்கள். அதே வாரத்தில் வீட்டில் எடுத்த வீடியோவோடு சேர்த்து வைத்தால், சரியாகச் சோதிக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். சட்டத்தின் 2(11) பிரிவில் இது சேவைக் குறைபாடு என்ற தலைப்பில் வரும், அதாவது பொருளின் பழுதோடு சேர்த்து இன்னொரு புகார். 'முழுத் திருப்தி' என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துக் கேட்டால், 'வீட்டில் சோதித்த பிறகே உறுதி' என்று மேலே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாரண்டி முடியும் தறுவாயில் இருந்தால் உடனே மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்கிவிடுங்கள். வாரண்டிக்குள் சொன்ன கோளாறு, ரிப்பேர் இழுத்துக்கொண்டே போனதால் தேதி தாண்டியது என்பது உங்கள் பக்கம் வலுவான வாதம். தொலைபேசியில் சொன்னேன் என்பது வலுவே இல்லாத வாதம்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

கடைக்காரர் 'கம்பெனியைக் கேளுங்கள்' என்பார், கம்பெனி சர்வீஸ் சென்டரைக் கைகாட்டும். எழுத்துப் புகாரை விற்றவருக்கும், தயாரித்த நிறுவனத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், புகாருக்கான தொடர்பு விவரமும் அட்டைப் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியைத் தூக்கிப் போடாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம். கடிதத்தில் ரிப்பேர் நடந்த தேதிகள், ஜாப் ஷீட் எண்கள், இப்போதும் இருக்கும் கோளாறு, நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று எழுதினால் போதும். கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டியதில்லை, தேதிகளே பேசும்.

வாங்கியவுடனேயே பழுது தெரிந்தால் ஒரு கூடுதல் பிடி இருக்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2(47) பிரிவு முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அது பழுதான பொருளுக்குக் கவசம் ஆகாது. இணையத்தில் வாங்கியிருந்தால் 2020-ன் மின்வணிக விதிகளும் உண்டு: குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அப்புறமும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு. ஆனால் அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. அங்கே புகார் நிலுவையில் இருப்பதால் வழக்குப் போடும் கெடு நிற்பதும் இல்லை.

உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேதான் போக வேண்டும், ஆகவே எந்த மேசைக் கணினியும் இதற்குள் அடங்கிவிடும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. இதை 2019-ன் சட்டம் செய்த மிகப் பெரிய உபகாரமாக நான் நினைக்கிறேன். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும் முடியும்.

பழுதைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்று ஆணையம் நினைத்தால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதன் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். ஆய்வு தேவைப்படாத வழக்கை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்திலும், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோளாறைக் காட்டும் ஜாப் ஷீட்டுகள் வரிசையாக இருந்தால் ஆய்வகமே வேண்டாம் என்று வாதிடவும் இடம் இருக்கிறது.

யார் நுகர்வோர் என்பதிலும் கவனம் வேண்டும். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் இல்லை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே கணினி வாங்கியவர், உதாரணமாக வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்பு செய்பவர், நுகர்வோர்தான். அதைப் புகார் மனுவிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

வழக்குப் போட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு கெடு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். ரிப்பேர் செய்கிறோம் செய்கிறோம் என்று இழுத்தே இந்தக் காலத்தைக் கடத்திவிட முடியும்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்த பிறகு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகலாம். அதற்கு 45 நாள் அவகாசம். பணம் கட்டச் சொன்ன உத்தரவு என்றால் அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்தின் கதவைத் தட்ட முடியும். மேல்முறையீடும் செய்யாமல், உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால் 72-ஆம் பிரிவின் கீழ் அதே ஆணையத்தில் மனுப் போடுங்கள். ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அந்தப் பிரிவில் இடம் உண்டு.