மூன்றாவது குவார்ட்டர்பேக்: ஹெல்மெட்டை ஒளித்து வைப்பவனின் பார்வையில்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டங்களில் என் வேலையில் பாதி, ஹெல்மெட்டை ஒளித்து வைப்பது. டெக்சாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அத்லெட்டிக் டிரெய்னராக இருக்கிறேன். பெயரைக் கேட்டு ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித் தருபவன் என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவனை மைதான ஓரத்திலேயே பரிசோதித்து, அவன் திரும்ப ஆடலாமா கூடாதா என்று சொல்கிற ஆள் நான். தலையில் அடிபட்ட பையனிடம் "உட்கார்" என்றால் உட்கார மாட்டான். இரண்டு நிமிஷத்தில் கோச்சின் பக்கத்தில் போய் நிற்பான். அதனால் முதல் காரியமாக ஹெல்மெட்டை வாங்கி என் பைக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆட்டம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் முதல் குவார்ட்டர்பேக் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தான். மூன்றாவது கால்பகுதியில் இரண்டாமவன் பின்மண்டை தரையில் மோத விழுந்தான். தானாக எழுந்தான், நடந்தான், ஆனால் எதிரணி பெஞ்சைப் பார்த்து நடந்தான். கூட்டிவந்து, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். "டிசம்பர், நவம்பர், அக்டோபர்..." அதற்கப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டை வாங்கினேன்.

கோச் வந்தார். "டாக், அவனை விட்டால் எனக்கு ஆள் இல்லை."

ஆள் இருந்தான். பதினைந்து வயதுப் பையன், சீசன் முழுக்க கிளிப்போர்டு பிடித்துக்கொண்டு நின்றவன். முதல் அணியோடு சேர்ந்து ஒரு ஸ்னாப்கூட, அதாவது ஒருமுறைகூடப் பந்தை வாங்கி ஆட்டத்தைத் தொடங்கியதில்லை. மணிக்கட்டுப் பட்டையில் எழுதியிருந்த ஆட்ட எண்களை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். கோச் கெட்டவர் இல்லை. மூன்றாமவன் தயாராக இல்லாததால் இரண்டாமவன் எனக்கு நன்றாக இருப்பதாகத் தெரியவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அந்த ஆசைதான் ஆபத்து.

அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் வளர்ந்துவரும் இளைஞன் ஒருவனை மூன்றாவது குவார்ட்டர்பேக்காக வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற விவாதம் ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும், பட்டியலை 53 பேராகக் குறைக்கும்போது, தவறாமல் வரும். எல்லோரும் கணக்கு பேசுவார்கள். அந்த இடத்தில் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரன் ஒருவனை வைத்தால் பந்தை உதைக்கும் கட்டங்களிலாவது வாராவாரம் ஓடுவான், மூன்றாம் குவார்ட்டர்பேக்கோ வருஷம் முழுக்க ஆட்ட உடை போடாமல் நிற்பான் என்பார்கள். கணக்கு சரிதான். டாம் பிரேடியைக் காட்டி எதிர்வாதம் செய்பவர்களும் உண்டு. 2000-இல் நியூ இங்கிலாந்து நான்கு குவார்ட்டர்பேக்குகளை வைத்திருந்தது, அணிகள் வரிசையாக இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பிரேடி அதில் ஒருவர், அடுத்த சீசனிலேயே லீகின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்றார். அது லாட்டரி. லாட்டரியை நம்பி இடம் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். நான் வேறு காரணத்துக்காக அந்த இடத்தைக் கேட்கிறேன்: முதல் இருவரின் உடம்பைக் காப்பாற்ற.

2023 ஜனவரி 29, ஃபிலடெல்ஃபியா. சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி அந்த சீசனில் மூன்றாவது குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியவர். டிராஃப்டில் 262-ஆவது, அதாவது கடைசி ஆள். டிரே லான்ஸுக்குக் கணுக்கால், ஜிம்மி கராபலோவுக்குப் பாதம் என்று முன்னால் இருந்த இருவரும் விழுந்த பிறகு வந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அணி முதல்முறை பந்தோடு முன்னேறும்போதே எறியும் கை பின்னால் இழுபட்டு முழங்கையின் உட்பக்கத் தசைநார் கிழிந்தது. அடுத்து வந்தவர் ஜோஷ் ஜான்சன், 36 வயது. மூன்றாவது கால்பகுதியில் அவருக்கு மூளை அதிர்ச்சி, வெளியே. மிச்சம் யாரும் இல்லை. எறிய முடியாத கையோடு பர்டி திரும்ப உள்ளே போனார். பந்தை வாங்கி ஓடுபவர் கையில் கொடுப்பதைத் தவிர அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 31–7 என்று தோற்றார்கள்.

எல்லோரும் தோல்வியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது. பந்தை எறியும்போது முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்ளாமல் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைநார். அது கிழிந்த ஒருவரை, மேல்மேலும் இடிபடும் ஆட்டத்துக்குள் அனுப்பியதற்கு ஒரே காரணம், பெஞ்சில் வேறு ஆள் இல்லாதது. மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லவேளை, செப்டம்பரில் திரும்ப ஆட வந்துவிட்டார்.

இதற்கு முன் இப்படி இல்லை. 1991 முதல் 2010 வரை, ஆட்ட நாளில் ஆடத் தகுதியுள்ள 45 பேருக்கு வெளியே ஒரு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு நிறுத்தி வைக்கலாம். 2011-இல் அதை எடுத்துவிட்டு 46 பேர் என்று ஆக்கினார்கள்; அணிகள் அந்தக் கூடுதல் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தன. ஃபிலடெல்ஃபியா ஆட்டத்துக்குப் பிறகு, 2023 மே மாதம், விதி திரும்ப வந்தது. ஆனால் அந்த மூன்றாமவர் 53 பேர் பட்டியலில் இருக்க வேண்டும் என்று அப்போது நிபந்தனை போட்டார்கள்; 2024-இல் அதைத் தளர்த்தினார்கள். இன்னொன்றும் உண்டு: முதல் இருவரில் ஒருவர் ஆடலாம் என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டால் மூன்றாமவர் வெளியே வந்துவிட வேண்டும். மைதான ஓரத்தில் நிற்பவனாக, இந்த வரி எனக்குப் பிடிக்கவே இல்லை. அழுத்தம் முழுக்க அந்த மருத்துவர் தலையில் வந்து விழும்.

மூன்றாமவன் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே சீசனின் மயாமியைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 25 அன்று அந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் டூவா டாகோவைலோவா தலை மோதி எழுந்தபோது தள்ளாடினார். முதுகுப் பிரச்சினை என்று சொல்லித் திரும்ப ஆடினார். நாலே நாளில் சின்சினாட்டியில் ஸ்ட்ரெச்சரில் போனார். அக்டோபர் 8-இல் விதியைக் கடுமையாக்கினார்கள்: தலையில் அடிபட்டுத் தள்ளாடினால், சோதனையில் தேறினாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. மறுநாளே நியூயார்க் ஜெட்ஸோடு ஆட்டம். மாற்று ஆளான டெடி பிரிட்ஜ்வாட்டர் தள்ளாடியதாகக் கண்காணிப்பாளர் சொன்னதால் முதல் ஸ்னாப்போடு வெளியே வந்தார். அவரைத் திரும்ப அனுப்ப விதியும் விடவில்லை, அவசியமும் வரவில்லை. ஏனென்றால் மயாமி ஸ்கைலர் தாம்ப்சன் என்ற டிராஃப்டின் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில் எடுத்த பையனை 53-க்குள் வைத்திருந்தது. 40–17 என்று தோற்றார்கள், சரி. ஆனால் யாருடைய தலையையும் பணயம் வைக்கவில்லை. அதே தாம்ப்சன் கடைசி வாரத்தில் ஜெட்ஸை 11–6 என்று ஜெயித்து அணியை பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குக் கொண்டுபோனார். அங்கே பஃபலோவிடம் 34–31, மூன்றே புள்ளியில் போனது.

"பிராக்டிஸ் ஸ்குவாடில் வைத்துக்கொண்டால் போதுமே" என்று கேட்பீர்கள். 53-க்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் அந்தக் குழுவில் 16 பேருக்கு இடம் இருக்கிறது, செலவும் குறைவு. வைக்கலாம். ஆனால் அவனை அங்கே சேர்க்க முதலில் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறு அணி எடுத்துக்கொள்ளும். 2007-இல் மினசோட்டா டைலர் திக்பெனை விடுவித்தது, கான்சாஸ் சிட்டி தூக்கிக்கொண்டு போய் அடுத்த வருஷம் 11 ஆட்டங்களில் முதல் ஆளாக இறக்கியது. ஸ்குவாடில் சேர்ந்த பிறகும் இன்னொரு அணி தன் 53-க்குள் அழைத்தால் போய்விடுவான். அந்த ஜோஷ் ஜான்சனையே சான் ஃபிரான்சிஸ்கோ டென்வரின் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்துதான் டிசம்பரில் எடுத்து வந்தது. அதனால் இரண்டாமவர் 35 தாண்டியவராகவோ, முதலாமவர் அடிக்கடி அடிபடுபவராகவோ இருந்தால் இளைஞனை 53-க்குள் வைத்துவிடுங்கள் என்பேன். இருவரும் உறுதியாக இருந்தால் ஸ்குவாட் போதும்.

இடம் கொடுத்துவிட்டு அவனை மறந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. வாரப் பயிற்சியில் முக்கால்வாசிக்கு மேல் முதலாமவனுக்கே போகும். மூன்றாமவன் அடுத்த வாரம் வரப்போகும் எதிரணி மாதிரி நடித்துக் காட்டுவான். ஊரார் ஆட்டத்தையெல்லாம் கற்றுக்கொள்வான், தன் அணி ஆட்டத்தைத் தவிர.

மூளை அதிர்ச்சிக்குப் பிறகு படிப்படியாகத்தான் திரும்ப முடியும்: லேசான ஓட்டம், மோதலில்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, அப்புறம்தான் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. ஆட்டமோ வாரத்துக்கு ஒன்று. ஆக இரண்டாமவனுக்கு ஒரு அடி பட்டால் அடுத்த வாரமும் அவன் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 2011-லிருந்து இது சட்டம்: சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது, திரும்ப வர மருத்துவர் எழுதித் தர வேண்டும், கோச் அனுமதிக்க முடியாது. வளரும் மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். பையன்களை இந்த விளையாட்டில் சேர்த்திருக்கும் பெற்றோர், கோச்சிடம் "என் மகன் முதல் அணியா" என்று கேட்பதோடு, "மூன்றாவதாக யார், அவனுக்குப் பயிற்சியில் என்ன கொடுக்கிறீர்கள்" என்றும் கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கோச்சிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: செவ்வாய்க்கிழமைதோறும் மூன்றாமவனுக்கு முதல் அணியோடு பத்து ஸ்னாப். முனகினார், ஆனால் கொடுத்தார். போன சீசனில் ஒரு மழை நாளில் திரும்பவும் ஒரு ஹெல்மெட்டை வாங்கி வைத்தேன். கோச் என் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சைப் பார்த்து விரலால் மூன்று காட்டினார். பையன் ஏற்கெனவே ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தான்.